வடகிழக்கு இந்தியரை 'சிங்கி' (சீன முகக்காரர்) என்பது கிண்டலா, இனவெறியா?

மழைக்குருவி:
என்னோடு வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண்ணுக்குச் சென்னையில் வீடு பார்க்கப் போனோம். போனில் சரி என்ற வீட்டுக்காரர், நேரில் முகத்தைப் பார்த்ததும் "பாஸ்போர்ட் இருக்கா?" என்றார். ஆதாரைக் காட்டியும் வீடு கிடைக்கவில்லை. இதை இனவெறி என்று சொன்னால் ஆபீசில் சிரிக்கிறார்கள்.

கடுக்காய்:
அறியாமை, கொஞ்சம் கிண்டல், அவ்வளவுதான். டெல்லியில் நம்மையும்தான் மதராசி என்கிறார்கள். மேகாலயாவின் ஷில்லாங்கில் வெளியாள் எல்லாருமே 'ட்கார்'. 1979-இல் அங்கே வங்காளிகள் பட்ட அடிக்கு என்ன பெயர்?

மழைக்குருவி:
அதுவும் அநியாயம்தான். ஆனால் மதராசி என்பவன் கூட உங்களை இந்தியன் இல்லை என்பதில்லை. 1950 நவம்பரில் படேல் நேருவுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். வடகிழக்கு எல்லை மக்களுக்கு இந்தியா மேல் உறுதியான விசுவாசம் இல்லை என்கிறார், 'மங்கோலாய்ட்' (சீன, திபெத்திய முகச்சாயல் கொண்டோர்) பக்கச் சாய்வு என்ற பேச்சும் வருகிறது. வெள்ளைக்காரன் போய் மூன்றே வருஷம்!

கடுக்காய்:
அப்போதுதான் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்திருந்தது. எல்லையைப் பற்றிய கவலையை ஏன் முகத்தோடு முடிச்சுப் போடுகிறீர்கள்?

மழைக்குருவி:
எல்லைக் கவலை டெல்லி லாஜ்பத் நகர் கடைத்தெருவுக்கு எப்படி வந்தது? 2014 ஜனவரியில் அருணாசல மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கிண்டலடித்தார்கள். அவர் கோபப்பட்டார், அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். கிண்டல்தானே என்று நீங்கள் சொல்வது இந்தக் கிண்டலைத்தான்.

வாய்தா:
குறுக்கே வருகிறேன். அதற்குப் பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனத்தை வைத்து இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கச் சொன்னது. அது சட்டமாகவில்லை. பழங்குடி வன்கொடுமைச் சட்டம் நாகா, மிசோ மக்களுக்குக் கைகொடுக்கலாம். மணிப்பூரின் மெய்தேய்க்காரர் பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை.

கடுக்காய்:
இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில் 103(2) பிரிவு இருக்கிறதே? ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, இனத்தையோ பிறந்த ஊரையோ காரணமாக்கிக் கொன்றால் தூக்கு வரை போகலாம்.

வாய்தா:
அதற்கு முதலில் ஒருவர் சாக வேண்டும், ஐயா.

கடுக்காய்:
சரி, நீங்கள் கேட்கும் சட்டம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்காரரை என்ன செய்வீர்கள்? "சொந்தக்காரங்க வராங்க" என்று சொல்லிவிட்டுப் போகப்போகிறார்.

மழைக்குருவி:
அப்படியேதான் சொன்னார். மகன் குடும்பத்தோடு வருகிறானாம். நேற்று அந்தத் தெரு வழியாகப் போனேன், டூ-லெட் போர்டு இன்னும் தொங்குகிறது.