யூபி சிட்டி இருக்கற எடத்துல முன்னாடி பீர் கம்பெனி இருந்துச்சா? (அப்புச்சி சொன்ன கதை)

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அப்புச்சி ஊர்ல மழை பொய்ச்ச வருசம் பெங்களூர் போயி ஒரு பீர் கம்பெனில பாட்டில் பக்கம் வேலை பாத்தாரு, 50கள் கடைசி இருக்கும். வலது கை கட்டைவிரலுக்குக் கீழ பிறை மாதிரி ஒரு தழும்பு, பாட்டில் வெடிச்சுக் கிழிச்சதுனு காட்டுவாரு, நாங்க பசங்க அதைத் தடவிப் பாத்துட்டே கதை கேப்போம். அது வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குனே கட்டுனதுடா, அந்தக் காலத்துல ஆளு ஒயரப் பீப்பாய மாட்டு வண்டில ஏத்திட்டுப் போவாங்களாமானு சொல்லுவாரு. போன மாசம் மச்சானோட பெங்களூர் போனப்ப அந்த எடத்தைப் பாத்துட்டு வந்தர்லாம்னு ஆட்டோ புடிச்சா அவரு யூபி சிட்டி வாசல்ல எறக்கி உட்டுட்டாரு. பூரா கண்ணாடிக் கட்டடம், உள்ள ஒரு காபி குடிச்சோம், பில்லைப் பாத்துட்டு மச்சான் ரொம்ப நேரம் பேசவே இல்ல. நெசமாவே அங்கதான் ப்ரூவரி இருந்துச்சா? பட்டாளம், மாட்டு வண்டி எல்லாம் அப்புச்சி அளந்து உட்டதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செக்போஸ்ட் வாளையார்:
அதே எடம்தான் ப்ரோ. யூபி கம்பெனியோட கிங்ஃபிஷர் பீரு 1857ல இருந்து இருக்கு, நெட்ல அடிச்சா வரும்.

அருவங்காடு மருமக:
1857னு அடிச்சு உடாதீங்க, அது வேற ஒண்ணோட வருசம். எனக்குப் பொறந்த வீடு வேலந்தாவளம், கட்டிக்குடுத்தது அருவங்காடு, அதனால இந்த விசயத்துல எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம் உண்டு :)

1857ங்கறது காசில் ப்ரூவரி ஆரம்பிச்ச வருசம், அது பெங்களூர்ல இல்ல, எங்க நீலகிரி மலைல. அங்க எதுக்குப் போயி பீர் காச்சுனாங்கன்னா, அதுக்கு முன்னாடி பட்டாளத்துக்கு பீரு இங்கிலாந்துல இருந்து கப்பல்லதான் வரணும். சூயஸ் கால்வாய் தொறந்ததே 1869ல, அதனால ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு மாசக்கணக்குல ஆடி ஆடி வரும், பூமத்திய ரேகைய ரெண்டு தடவை தாண்டணும், பாதி புளிச்சுப்போயி எறங்கும். சரி இங்கயே காச்சலாம்னா நம்ம கீழ்நாட்டு வெயில்ல ஆகாது, அப்ப ஐஸ் மிஷின் ஏது. குளிர் இருக்கற எடம் வேணும், பக்கத்துலயே குடிக்க ஆளும் வேணும். அருவங்காட்டுக்கு அந்தாண்ட வெலிங்டன்ல 1850கள்லயே பட்டாளம் வந்து உக்காந்தாச்சு. அவ்ளோதான் கணக்கு. வடக்கயும் இதே கதைதான், கசௌலி, சோலன், முர்ரே எல்லாமே மலை ஊருதான். அந்த முர்ரே ப்ரூவரில மேனேஜரா இருந்தவரு பேரு எட்வர்ட் டயர், அவரு மகன்தான் ஜாலியன்வாலா பாக்ல சுடச் சொன்ன டயரு. இதை மொதல்ல படிச்சப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

பெங்களூருக்கு வருவோம். அங்க பட்டாளம் தங்கற கன்டோன்மென்ட் 1809லயே வந்துருச்சு, மலை அளவுக்கு இல்லைன்னாலும் குளுகுளுன்னு இருக்கற ஊரு, 1864ல மெட்ராஸ்ல இருந்து ரயிலும் வந்துருச்சு. 1885ல பெங்களூர் ப்ரூயிங் கம்பெனினு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அப்பறம் 1915ல தாமஸ் லீஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு, காசில், பெங்களூர் எல்லாம் சேத்து அஞ்சு ப்ரூவரிய ஒண்ணாக்கி யுனைடெட் ப்ரூவரீஸ்னு பேரு வெச்சாரு. யூபில இருக்கற யூ அந்த ஒண்ணா சேந்ததுக்குத்தான். உங்க அப்புச்சி சொன்ன பீப்பாயும் பொய்யில்லீங்க, ஹாக்ஸ்ஹெட்னு சொல்லுவாங்க, ஒண்ணு 54 கேலன், சுமாரா 245 லிட்டர், பட்டாளத்துக்கு மாட்டு வண்டிலதான் போச்சு. ஆனா அவரு வேலைக்குப் போனப்ப பட்டாளமும் இல்ல வெள்ளைக்காரனும் இல்ல, 1947லயே விட்டல் மல்லையா டைரக்டரா உள்ள வந்தாச்சு. அதனால வண்டி கதைய அவரு அங்க இருந்த பழைய ஆளுங்க வாயில கேட்டிருப்பாரு. கிங்ஃபிஷர் இப்ப இருக்கற மாதிரி வந்தது 1978ல. உங்க அப்புச்சி கழுவுன பாட்டில்ல அந்தக் குருவி இருந்திருக்காது.

செக்போஸ்ட் வாளையார்:
ஓகே அக்கா ஒத்துக்கறேன் 😅 அப்பறம் ஏன் மலைய உட்டுட்டு பெங்களூரே பெருசாச்சு?

அருவங்காடு மருமக:
ஐஸ் மிஷின்தான் தம்பி. 1870கள்ல ஜெர்மனில லிண்டேனு ஒருத்தரு பீர் கம்பெனிக்காரங்களுக்காகத்தான் அதை உருப்படியா செஞ்சாரு. மிஷின் குளிரைக் குடுத்துருச்சுன்னா பார்லிய மலைக்கு ஏத்தி பீர மலைல இருந்து எறக்கற கூலி எதுக்கு? அப்பறம் 1948ல மெட்ராஸ் மாகாணம் பூரா மதுவிலக்கு, நீலகிரியும் அதுலதான், பெங்களூர் மைசூர் சமஸ்தானம்.

பாளைசீவி சித்தூர்:
மலபாரும் அதுல உண்டுங்க, பாலக்காடு அப்ப மெட்ராஸ்தான். கேரளாவுல மதுவிலக்கை எடுத்தது 1967ல. எங்க சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்யம், சுத்தியும் மலபாரும் கோயமுத்தூர் ஜில்லாவும், நடுவுல நாங்க.

நான் மரம் ஏறற குடும்பம், ஒண்ணு சொல்லிக்கறேன். நீங்க சொல்ற பீருக்கு இத்தன கஷ்டம், பார்லிய ஊறவெக்கணும், மொளைக்க வெக்கணும், வறுக்கணும், காச்சணும், கசப்புக்கு ஹாப்ஸ்னு ஒரு பூவு போடணும், ஆறவெக்கணும், அப்பறம் ஈஸ்ட்டு. நம்ம கள்ளுக்கு வெயிலே போதும். பாளை சீவி பானை கட்டுனா மரத்து மேலயே பொங்க ஆரம்பிச்சுரும், காலைல எறக்குனது இனிக்கும், மத்தியானம் ஏறும், மறுநாள் காடி. சுண்ணாம்பு தடவுனாத்தான் நிக்கும். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து மலை ஏறுனான், நாங்க வெயிலோட மரம் ஏறுனோம் அவ்ளோதான். இன்னைக்கும் விடிகாலைல எங்க பக்கத்துல இருந்துதான் வண்டி வண்டியா மத்த ஜில்லாவுக்குப் போவுது. அந்தாண்ட தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளு கிடையாது, அதனால ஞாயித்துக்கெழமை ஷாப்புல பாதி பேரு பொள்ளாச்சிக்காரங்க, கறி வேற தீந்துபோயிருது.

நைட் ஷிப்ட்:
அந்தத் தழும்பைப் பத்தி யாரும் சொல்லலியே. நான் ஒரு பீர் பிளான்ட்ல கொஞ்ச வருசம் இருந்தவன், எந்த பிளான்ட்னு வேண்டாம். பீர நெப்பி மூடி போட்டப்பறம் பாட்டிலோட சுடுதண்ணில காட்டுவோம், 60 டிகிரி, கிருமி சாவறதுக்கு. உள்ள கேஸ் இருக்கில்ல, சூடேற ஏற அழுத்தம் ஏறும், திரும்பி வந்த பழைய பாட்டில்ல முடி அளவு கீறல் இருந்தாலும் டப்புனு போயிரும். எங்களுக்கு கண்ணாடியும் கிளவுஸும் உண்டு. அந்தக் காலத்துல கோணியக் கையில சுத்திக்கிட்டு எடுத்திருப்பாங்க. கட்டைவிரலுக்குக் கீழதான் வெட்டும், ஏன்னா பாட்டில் கழுத்தை அங்கதான் புடிப்போம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நைட் ஷிப்ட் அண்ணா, இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அப்பறம் வந்து, அவரு சோறு பெசையறப்ப அந்த வெரலை மடக்க முடியாது, அம்மிச்சிதான் உருண்டை புடிச்சுக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. எனக்கு இது தெரியவே தெரியாது.

அக்காவுக்கும் ரொம்ப நன்றி. இப்ப போறேங்க, சித்தி கஞ்சிக்கோட்டுல இருந்து மாட்டுக்கு பீர் வேஸ்ட் வாங்கிட்டு வந்திருக்கு, வாசல்ல நின்னு கத்துது, மூட்டை எறக்கணும்.