வெனிஸில் எந்தக் கரையில் இறங்குவது?

வெனிஸ் போகும் திட்டத்தில் இருப்பவர்களுக்காக எங்கள் முதல் மாலையை எழுதிவைக்கிறேன். போய் வந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சிரித்த கையோடு உங்கள் கதையையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

நானும் மனைவியும் அக்டோபரில் ரயிலில் போய் சாந்தா லூசியா நிலையத்தில் இறங்கினோம். வெளியே வந்தால் அகலமான படிக்கட்டு, அதற்குக் கீழே நேராகத் தண்ணீர். கார், பேருந்து எல்லாம் பக்கத்திலுள்ள பியாட்சாலே ரோமாவோடு நின்றுவிடும். அதற்கு உள்ளே போக வேண்டுமானால் கால் அல்லது படகு. பொதுப் படகுக்கு வாப்பரெட்டோ என்று பெயர். நகரப் பேருந்து மாதிரியே எண், நிறுத்தம், கால அட்டவணை எல்லாம் உண்டு. நாங்கள் போனபோது 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேர பாஸ் 25 யூரோ. ஒரு நாளில் மூன்று தடவை ஏறினாலே பாஸ்தான் லாபம். இந்தக் கணக்கு எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

தங்கும் வீடு சான் போலோ பகுதியில். “ஒன்றாம் எண் படகில் ஏறி சான் தொமாவில் இறங்குங்கள்” என்று வீட்டுக்காரர் தெளிவாக எழுதியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கைபேசி வரைபடத்தில் நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாந்த் ஆஞ்சலோ நிறுத்தம் நெருங்கும்போது வீடு கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. “இங்கேயே இறங்கிடலாம், பெட்டியை உருட்டினால் ஐந்து நிமிஷம்” என்றேன். இறங்கினோம், படகு போய்விட்டது. கூப்பிடு தூரம் என்பது உண்மைதான். நடுவில் கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாய் இருந்ததைத்தான் நான் கவனிக்கவில்லை.

ஒன்றாம் எண் படகு ஒரே கரையை ஒட்டிப் போகாது. ரியால்டோ மெர்காத்தோ நிறுத்தம் சான் போலோ கரையில், அடுத்த ரியால்டோ எதிர்க்கரையில், சான் சில்வெஸ்ட்ரோ மறுபடி சான் போலோ கரையில், சாந்த் ஆஞ்சலோ எதிர்க்கரையில், சான் தொமா திரும்பவும் இந்தக் கரையில். துணியில் தையல் ஓடுவது மாதிரி இப்படியும் அப்படியும் போகிறது. கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயைக் கடக்க இருப்பதோ நாலே பாலம்: நிலையத்தின் அருகே இரண்டு, நடுவில் ரியால்டோ, கீழே அக்காதெமியா. 1854இல் அக்காதெமியா பாலம் வரும்வரை ரியால்டோ ஒன்றுதான் இருந்தது. நாங்கள் மாட்டிக்கொண்டது சரியாக ரியால்டோவுக்கும் அக்காதெமியாவுக்கும் நடுவில். நடக்கும் வழியைக் கேட்டால் வரைபடம் இருபது நிமிடத்துக்கு மேல் காட்டியது. பெட்டியோடு, வழியெல்லாம் படி வைத்த சின்னப் பாலங்கள் ஏறி இறங்க வேண்டும்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த படகில் கயிறு கட்டும் ஊழியரிடம் கையைக் காட்டிக் கேட்டேன். ஒரு விரலை உயர்த்தி, ஒரே நிறுத்தம் என்றார். டிக்கெட்டின் 75 நிமிடம் இன்னும் முடியவில்லை, இயந்திரத்தில் மறுபடி ஒருமுறை காட்டிவிட்டு ஏறினோம். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் காட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

சான் தொமாவில் இறங்கிய பிறகு அடுத்த கூத்து. வெனிஸ் முகவரியில் பெரும்பாலும் தெருப் பெயரே இருக்காது. பகுதியின் பெயர், ஓர் எண், அவ்வளவுதான். மொத்தம் ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர் எண். காஸ்தெல்லோ பகுதியில் அது 6,800ஐத் தாண்டிப் போகிறது. அடுத்த எண் அடுத்த வீடாக இருக்கலாம், சுற்றிக்கொண்டு போக வேண்டிய பின் சந்திலும் இருக்கலாம். தெருப் பெயரைத் தேடினாலும் சிக்கல்தான். ரொட்டி அடுப்பு இருந்த சந்துக்கெல்லாம் ‘கல்லே தெல் ஃபோர்னோ’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற சந்துகளில் மேலே தெரியும் வானம் ஒரு நாடா அளவுதான். அங்கே ஜிபிஎஸ் தடுமாறி, நீலப் புள்ளி பக்கத்துக் கால்வாயில் குதித்து நீந்துகிறது. ஒரு சந்தில் புள்ளியை நம்பி வேகமாகப் போனேன். மனைவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். சந்து நேராகத் தண்ணீரில் முடிகிறது. தடுப்புக் கம்பி கிடையாது.

அப்புறம்தான் சுவர்களைப் படிக்கப் பழகினோம். வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டையில் கறுப்பு எழுத்தில் தெருப் பெயர் எழுதியிருக்கும். ‘ரியோ’ என்றால் கால்வாய், அதாவது தண்ணீர். ‘ரியோ தெரா’ என்றால் தூர்த்து மூடிய கால்வாய், தாராளமாக நடக்கலாம். ‘ஃபொண்டமெண்டா’ கால்வாயை ஒட்டிய தெரு. ‘காம்போ’ சதுக்கம், வழி தவறினால் நின்று யோசிக்க நல்ல இடம். இந்த நாலு சொல் தெரிந்தால் வரைபடத்தில் பாதி புரிந்துவிடும். ரியால்டோ, சான் மார்க்கோ, ரயில் நிலையம் போக மஞ்சள் பலகைகளும் உண்டு. ஒரு மூலையில் சான் மார்க்கோவுக்கு இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு. இரண்டுமே சரிதான். வழி கேட்டால் உள்ளூர்க்காரர்கள் ‘செம்ப்ரே த்ரித்தோ’ என்கிறார்கள். நேரே போய்க்கொண்டே இருங்கள் என்று பொருள். அந்த ஊரில் நேரே போகிற தெரு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை சான் தொமாவிலேயே டிராகெட்டோ பார்த்தோம். அலங்காரமில்லாத கொண்டோலாவில் இரண்டு பேர் துடுப்பு போட, கால்வாயைக் குறுக்கே கடத்திவிடுவார்கள். ஆளுக்கு 2 யூரோ. முந்தின மாலை அது ஓடவில்லை.

* * *

உங்களுடையது ஒரு நிறுத்தம்தானே! நான் ஊரையே பாதி சுற்றினேன்.

தனியாகப் போயிருந்தேன். சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள சான் சக்கரியா நிறுத்தத்திலிருந்து வடகரையிலுள்ள ஃபொண்டமெண்டே நோவே நிறுத்தத்துக்குப் போய், அங்கே 12ஆம் எண் பிடித்து புரானோ தீவுக்குப் போவதாகத் திட்டம். 4.1, 4.2 இரண்டுமே வட்டப்பாதைப் படகுகள். இரண்டுமே ஃபொண்டமெண்டே நோவே போகும். அதனால் எதில் ஏறினால் என்ன என்று முதலில் வந்ததில் ஏறி உட்கார்ந்தேன். அது ஜியூதெக்கா தீவு, பியாட்சாலே ரோமா, ரயில் நிலையம், கன்னரெஜியோ கால்வாய் என்று மேற்கே முழுவதும் சுற்றி, வடக்கே வந்து சேர்ந்தது. மற்றொன்றில் ஏறியிருந்தால் கிழக்கு முனையைத் திரும்பிச் சீக்கிரமே வந்திருக்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஓர் எண்தான் திசை. ஒன்று வலம், மற்றது இடம்.

சான் சக்கரியா மாதிரி பெரிய நிறுத்தங்களில் மிதவை மேடைகளே பல இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. நிறுத்தத்தின் பெயர் மட்டும் போதாது. எண், எழுத்து, திசை மூன்றையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். சந்தேகமாக இருந்தால் கயிற்றுக்காரரிடம் போக வேண்டிய இடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். தலையாட்டுவார், இல்லையென்றால் பக்கத்து மேடையைக் காட்டுவார்.

ஆனாலும் அந்தச் சுற்றில் எனக்கு வருத்தமில்லை. துணி காயும் ஜன்னல்கள், படகில் வந்து இறங்கும் காய்கறிப் பெட்டிகள், படகிலேயே போகும் ஆம்புலன்ஸ், எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

* * *

நான் அம்மாவோடு போனேன். அவருக்கு முழங்கால் ஆகாது, சக்கர நாற்காலி. நானூறுக்கும் மேற்பட்ட பாலம் உள்ள ஊர், பெரும்பாலானவற்றில் படி. “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா” என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். சொல்லப்போனால் அம்மாவுக்கு அந்த ஊர் நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. ஏனென்றால் எங்களுக்குப் பாலமே வாப்பரெட்டோதான்.

ஒன்றாம் எண்ணிலும் இரண்டாம் எண்ணிலும் நாற்காலியோடு ஏறுவதற்கு நடுத்தளத்தில் இடம் இருக்கிறது. மேடையும் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை என்பதால் படகுக்கும் மேடைக்கும் இடையே உயர வித்தியாசம் குறைவு. பாலம் ஏறாமல் எங்கெங்கே போகலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் வரைபடம் ஒன்றை நகராட்சி வெளியிட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் நாளைத் திட்டமிட்டேன். சான் மார்க்கோ சதுக்கம் போக எல்லோரும் சான் சக்கரியாவில் இறங்குவார்கள், அங்கே நடுவில் பாலம் வரும். ஒன்றாம் எண்ணில் ஒரு நிறுத்தம் முன்னதாக, சான் மார்க்கோ வல்லரெஸ்ஸோவில் இறங்கி உள்தெரு வழியாகப் போனால் பாலமே இல்லை. அம்மா சதுக்கத்தின் நடுவே நாற்காலியில் உட்கார்ந்து புறாக்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் காலையில் சதுக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். 2020 அக்டோபரிலிருந்து பெரிய அலையேற்றம் வரும்போது கடல்வாயில் தடுப்புகளை உயர்த்துகிறார்கள். ஆனால் சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று என்பதால் சின்ன ஏற்றத்துக்கே நனைந்துவிடும். சில மணி நேரத்தில் வடிந்துவிடும் என்றார்கள், காத்திருந்தோம், வடிந்தது. குளிர்காலத்தில் போகிறவர்கள் படகு நேரத்தோடு அலையேற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறினால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாது, சில தடங்களை மாற்றிவிடுவார்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். சக்கர நாற்காலிக்கான வரைபடத்தைப் பற்றித் தெரிந்திருந்தால் பெட்டி உருட்டவும் அதையே பயன்படுத்தியிருப்பேன். நன்றி.

வரைபடம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடைசி நாள் கொர்ரேர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1500இல் யாக்கொபோ தெ பார்பரி வரைய, மரக்கட்டையில் செதுக்கி ஆறு தாள்களில் அச்சான வெனிஸ் வரைபடத்தின் மூல அச்சுக்கட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. பறவை மேலிருந்து பார்ப்பது போல வரைந்த ஊர். ரியால்டோவில் இருப்பது பழைய மரப்பாலம், கல்பாலம் 1591இல்தான் முடிந்தது. கிராண்ட் கனாலின் வளைவு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். மனைவி அந்த வளைவைக் காற்றிலேயே விரலால் தொடர்ந்து வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“பாருங்க, இதுலகூட நம்ம வீடு எதிர்க்கரையிலதான் இருக்கு” என்றாள்.