நளினி ஜமீலாவைப் படித்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவையிலிருந்து:
கேரளத்தில் பாலியல் தொழிலாளியாக இருந்த இவருடைய சுயசரிதையைக் குளச்சல் மு. யூசுப்பின் தமிழ் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். திருச்சூர் மாவட்டம் கல்லூரில் 1954இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, சின்ன வயதிலேயே களிமண் குழியில் வேலைக்குப் போனவர். கணவர் இறந்துபோகிறார், கையில் இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள மாமியார் கேட்பது தினம் 5 ரூபாய். இவருடைய கூலியோ நாலரை ரூபாய். கூடுதலாகச் சம்பாதிக்க என்ன வழி என்று விசாரித்ததில்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார். அழுகை, ஒப்பாரி எதுவும் இல்லை. மளிகைக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். ஒரு மில்லில் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். அந்த அரை ரூபாயைத் தாண்டி வர எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. உங்களுக்கு எந்த இடம் அப்படி இருந்தது?

பாலக்காட்டிலிருந்து:
நான் மலையாளத்திலேயே படித்தேன், இரண்டு தடவை. காரணம், புத்தகமே இரண்டு. 2005இல் வந்த முதல் பதிப்பு ஐ. கோபிநாத் உதவியோடு எழுதப்பட்டது. பரபரப்பாக விற்றது, பதிப்புமேல் பதிப்பு. அப்போது போய் அந்த அம்மா, அதில் தனக்குத் திருப்தி இல்லை என்று சொல்லித் திருத்தி மறுபடி எழுதினார். ஜே. தேவிகாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த இரண்டாவதிலிருந்து வந்ததுதான். விற்கிற புத்தகத்தைக் கலைத்து எழுத எத்தனை எழுத்தாளர்களுக்கு மனசு வரும்?
அந்த வருஷம் எங்கள் ஊர் டீக்கடையில் இதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. படித்தவர்கள்தான் கம்மி. ஆபீசில் ஒருவர் வாங்கி வந்து முதலில் ஊர்ப் பெயர்களை மட்டும் தேடினார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை!

மதுரையிலிருந்து:
எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். நளினியின் முதல் வாடிக்கையாளர் ஒரு போலீஸ் அதிகாரி. மறுநாள் காலையில் வெளியே வந்த நளினியைப் பிடித்து அடித்ததும் போலீஸ். என்னோடு இந்தப் புத்தகத்தைப் படித்த தோழிக்கு அது அதிர்ச்சி. எனக்கு அப்படி இல்லை. நாங்கள் பகலில் பாலியல் தொழிலாளிகளுக்கு ஆணுறை கொடுத்துவிட்டு வருவோம். இரவில் ஒரு ஸ்டேஷனில் அந்தப் பெண்களின் கைப்பையைக் கவிழ்த்து, அந்த ஆணுறையையே சாட்சி என்பார்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பொருள் அது! "நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க அக்கா, ராத்திரி ஸ்டேஷன்ல நாங்கதான நிக்கணும்" என்று ஒருத்தி சொன்னாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
1956ஆம் ஆண்டின் பாலியல் தொழில் தடுப்புச் சட்டப்படி இதற்கென விடுதி நடத்துவது, பொது இடத்தில் ஆள் பிடிப்பது எல்லாம் குற்றம். ஒருத்தி பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வதே குற்றம் என்று அதில் இல்லை. களத்தில் இந்த வித்தியாசத்தை யார் பார்த்தார்கள்? 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும், வசைபாடவோ அடிக்கவோ கூடாது என்று போலீஸுக்கே சொன்னது. முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கும் ஆதார் கிடைக்க வழி செய்தது. அந்தப் பெண்களில் பலரிடம் ரேஷன் அட்டைகூட இருந்ததில்லை. அது இருந்தால்தானே மற்றதெல்லாம்?

சென்னையிலிருந்து:
எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். ஏமாற்றிக் கடத்தி வரப்பட்ட சிறுமிகளுக்கு இதில் என்ன இடம்? 'இதுவும் தொழில்தான்' என்று இவர் சொன்னால் தரகனுக்குத்தான் சௌகரியம். நானும் படித்தேன். வாடிக்கையாளர்கள்மீது அவர் காட்டும் பரிவு எனக்குச் செரிக்கவில்லை.

மதுரையிலிருந்து, மறுபடியும்:
நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உத்தரவு பேசுவது, சொந்த விருப்பத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் வயது வந்தவர்களைப் பற்றி. சிறுமிகளைக் கடத்துவது அன்றைக்கும் குற்றம், இன்றைக்கும் குற்றம். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதியில், பாலியல் தொழிலாளிகளின் துர்பார் அமைப்பு நடத்தும் சுயக் கட்டுப்பாட்டு வாரியத்தில், புதிதாக வருகிறவள் வயது வந்தவளா, விருப்பப்பட்டு வந்தாளா என்று அந்தப் பெண்களே விசாரிக்கிறார்கள். அந்தத் தெருவுக்குப் புதுசாக ஒரு சிறுமி வந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்களுக்குத்தான். அவர்கள் துணிந்து வாய் திறக்க வேண்டுமானால் போலீஸ் பயம் போக வேண்டும். பரிவு விஷயத்தில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை. அப்புறம், 2018இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய அடுத்த புத்தகம் அந்த ஆண்களைப் பற்றியதுதான். அதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:
நீங்கள் சட்டம் பேசுங்கள். எனக்குத் தையல்தான் தெரியும், அதனால் ஒன்று சொல்கிறேன். 2020க்கான கேரள மாநில திரைப்பட விருதில் 'பாரதப்புழா' படத்தின் உடையலங்காரத்துக்காக இவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. பாலியல் தொழிலாளி ஒருத்தியின் கதை அது. சினிமாவில் இப்படிப்பட்ட பாத்திரம் என்றாலே பளபளப்புச் சேலை, முதுகு திறந்த ரவிக்கை, வாய் நிறைய வெற்றிலை. அதே தெருவில் நின்ற ஒருத்தி துணி எடுத்துக் கொடுத்தால் என்ன எடுத்திருப்பாள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்தப் படம் எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?