கனடா: நிரந்தர வசிப்புரிமையே போதுமா, குடியுரிமையும் எடுக்க வேண்டுமா?

கல்லணைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மிசிசாகாவில் வசிக்கிறோம். நான் மாணவர் விசாவில் வந்தவள். படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற திறமை அடிப்படையிலான குடியேற்றத் திட்டம் வழியாக எனக்கும் கணவருக்கும் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் சொல்கிறேன், அவர் தயங்குகிறார். "மருத்துவ அட்டை இருக்கிறது, வேலை இருக்கிறது, வரியும் கட்டுகிறோம். ஓட்டுப் போடுவதைத் தவிர வேறென்ன வித்தியாசம்?" என்பது அவர் கேள்வி. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், மாமனார் பெயரில் பாபநாசம் பக்கம் இருக்கும் நஞ்சை நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையும் அவருக்கு உண்டு. திருச்சியில் என் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால், நான் சில மாதங்கள் அங்கே தங்கவும் நேரலாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கத்தான் எழுதியது:

சகோதரி, அன்றாட வாழ்க்கையை மட்டும் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். மருத்துவக் காப்பீடு, சி.பி.பி. எனப்படும், வேலை செய்பவர்கள் பணம் கட்டிப் பெறும் ஓய்வூதியம், முதியோர் ஓய்வூதியம் எதுவும் குடியுரிமையைக் கேட்பதில்லை. வருமான வரியும் வசிப்பிடத்தைப் பொறுத்ததே. அமெரிக்காவைப் போல எங்கே போனாலும் குடிமகனைத் துரத்தி வரும் வரி கனடாவில் கிடையாது.

நீங்கள் இந்நாட்டை விட்டு வெளியே இருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். பி.ஆர். என்பது நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட உரிமை. எந்த ஐந்தாண்டுக் காலத்தை எடுத்தாலும் அதில் 730 நாட்களாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். கார்டு காலாவதியாகிவிட்டால் பி.ஆர். போய்விட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள்; அப்படி இல்லை. ஆனால் அது நீங்கள் திருச்சியில் இருக்கும்போது காலாவதியானால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்தே தனியாக ஒரு பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பரிசீலிக்கும் அலுவலர் உங்கள் நாட்களை எண்ணத் தொடங்குவார். குடிமக்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. பத்தாண்டு கழித்துத் திரும்பினாலும் கதவு திறந்திருக்கும்.

இருவரில் ஒருவர் மட்டும் குடியுரிமை எடுப்பதும் நடைமுறையில் உள்ள வழிதான். குடிமகளான மனைவியுடன் வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்கள் கணவரின் 730 கணக்கில் சேரும். யார் யாருக்குத் துணையாகப் போனார் என்று அலுவலர்கள் சில சமயம் கேள்வி எழுப்புவதுண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நிலத்தைப் பற்றிய கவலைக்கு வருவோம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும்கூட, அன்னியச் செலாவணி விதிகளின்படி விவசாய நிலம் வாங்க முடியாது. அதாவது அந்தத் தடை உங்கள் கணவருக்கு இன்றே இருக்கிறது. கனடா குடியுரிமை எடுத்து, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு மாறுவதால் புதிதாக எதுவும் கூடிவிடாது. வாரிசு முறையில் நிலம் வந்து சேர்வதற்கு இரு நிலையிலும் தடை இல்லை. ஆனால் ஊரில் வழக்கமாகச் செய்வதுபோல் மாமனார் உயிருடன் இருக்கும்போதே மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் சிக்கல்தான், ஏனென்றால் விவசாய நிலத்தை இவ்வாறு தானமாகப் பெற விதிகள் இடம் தருவதில்லை. உயில் எழுதுவதே பாதுகாப்பு. பின்னாளில் விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்கலாம்.

இந்தியப் பக்கம் உண்மையில் இழப்பது வாக்குரிமையையும், அரசு வேலை, தேர்தலில் போட்டியிடுவது போன்றவற்றையும்தான். மனக்கஷ்டம் வேறு, அதை விதிகளால் அளக்க முடியாது.

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி, மேலே எழுதிய ஐயா சொன்னது உங்களைப் போல் திறமை அடிப்படையில் வந்தவர்களுக்குப் பொருந்தும். இந்தக் குழுவை வாசிக்கும், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் ரொறன்ரோவில் இருபது வருடமாக இருப்பவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது.

அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, அதன் வழியாக நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களின் நிலைமை வேறு. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அப்படி வந்த ஒருவர் எந்த நாட்டுக்குப் பயந்து இங்கே வந்தாரோ அந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் நாடினார் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி நிலையோடு வதிவிட உரிமையும் சேர்ந்தே பறிபோகும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அதில் பயணித்து ஊருக்குப் போய் வருவதும் அந்தத் தீர்மானத்துக்குப் போதுமான ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படலாம். எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தார், வீடு வாங்கினாரா, பிள்ளைகள் இங்கே பிறந்தவர்களா என்பவை இரண்டாம்பட்சமாகிவிடும். குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்பதுதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தாயாரின் செத்தவீட்டுக்காகப் பருத்தித்துறை போய் வந்தார். திரும்பி வந்தபோது விமான நிலைய அதிகாரி கடவுச்சீட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எப்போது புதுப்பித்தீர்கள், எதற்காகப் போனீர்கள், எங்கே தங்கினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாராம். இவர் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது.

2022இல் கொலம்பியப் பெண்ணொருவரின் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், இப்படிப் போனால் என்ன விளைவு வரும் என்பதை அவர் உண்மையில் அறிந்திருந்தாரா என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. அது ஓரளவு ஆறுதல், அவ்வளவுதான். அகதிகளுக்கான பயண ஆவணம் ஒன்று உண்டு. அதில் எந்த நாட்டுக்கும் போகலாம், தாய்நாட்டுக்கு மட்டும் போக முடியாது. குடியுரிமை எடுத்தபின் இந்த விதி பொருந்தாது. கனடாக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போய் வரலாம். ஆகவே அகதியாக வந்தவருக்கு ஓட்டுரிமையைவிட இதுவே முதற் காரணம். கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து வந்தவர்களை இது தொடாது.

பிராம்டன்வாசி எழுதியது:

குற்றவியல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பர் முதல் மது அருந்தி வண்டி ஓட்டுவதற்கு அதிகபட்சத் தண்டனை பத்தாண்டு. குடிவரவுச் சட்டம் பத்தாண்டுத் தண்டனைக்குரிய குற்றத்தைக் கடுங்குற்றமாகக் கருதுவதால், அபராதத்தோடு முடிந்த வழக்கில்கூட பி.ஆர். உள்ளவர் வெளியேற்ற நடவடிக்கைக்கு ஆளாகலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு போகும். குடியுரிமையும் பறிக்கப்படலாம், ஆனால் பொய் சொல்லியோ மறைத்தோ பெற்றிருந்தால் மட்டும்.

கல்லணைக்காரி எழுதியது:

அண்ணன்மார் இருவருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. செட்டில்மெண்ட் விஷயத்தை இன்றே மாமனாரிடம் பேசச் சொல்கிறேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: விண்ணப்பித்துவிட்டு அம்மாவைப் பார்க்கப் போகலாமா?

ஸ்ரீரங்கத்தான் எழுதியது:

போகலாம். விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 1,095 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுக்குள் வரும் உங்கள் மாணவர் விசா நாட்கள் ஒவ்வொன்றும் அரை நாளாக, அதிகபட்சம் 365 வரை சேரும். சரியாக 1,095இல் நிற்காமல் சில வாரங்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகு வெளியே இருக்கும் நாட்கள் அந்தக் கணக்கைப் பாதிக்காது. பி.ஆருக்கான 730 நாள் நிபந்தனை மட்டும் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள்வரை தொடரும்.

பயணத்தைத் திட்டமிடும்போது உறுதிமொழி நாளுக்குப் பிந்தைய வாரங்களை விட்டுவிடுங்கள். அந்த நிகழ்ச்சி இணையவழியே நடந்தால் கத்தரிக்கோலை அருகில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், பி.ஆர். கார்டைத் திரைக்கு முன்னால் வெட்ட வேண்டும். அந்த நொடியிலிருந்து கனடா பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை திரும்பி வருவதற்கான ஆவணம் உங்களிடம் இருக்காது. இந்தியக் குடியுரிமையும் அன்றே முடிந்துவிடுவதால் பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். கனடா பாஸ்போர்ட், பிறகு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழ், அதன்பின் ஓ.சி.ஐ. என்ற வரிசையில்தான் போக வேண்டும். இடையில் அவசரம் வந்தால் இந்திய விசா எடுக்க வேண்டியிருக்கும். அம்மாவின் சிகிச்சைத் தேதிகள் தெரிந்திருந்தால் இப்போதே போய் வந்துவிட்டு, உறுதிமொழிக்கு அழைப்பு வரும்போது இங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் கனடாவுக்குள் இருந்தாக வேண்டும்.