மாநகரத்துக்கு அடியில் புதைந்த பழைய ஊரை எப்படிக் கண்டறிகிறார்கள்?

கேள்வி:
லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் மித்ராஸ் என்ற தெய்வத்துக்கு ரோமானியர் கட்டிய கோயிலைப் பார்வைக்கு வைத்திருப்பதாகப் படித்தேன். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டடம் எழுந்துவரும் நகரத்தில், எங்கே தோண்டுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ரேடார் கருவியே காட்டிவிடுமா?

மறுமொழி 1:
வயல்வெளியில் ஓரளவு காட்டும். நகரத் தெருவில் அதை நம்ப முடியாது. கம்பி கட்டிய கான்கிரீட்டும் குழாய்களும் மின்கேபிள்களும், கருவி மண்ணுக்குள் அனுப்பித் திரும்பி வரும் அலைகளைக் குழப்பிவிடும். ஈரக் களிமண்ணோ அலையை ஆழத்துக்குப் போகவே விடாது. மித்ராஸ் கோயில் இருந்த வால்புரூக் பகுதியில் ரோமானியர் காலத் தரை இன்றைய தெருவுக்குச் சுமார் 7 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது பழைய வரைபடங்களையும் முந்தைய அகழாய்வுக் குறிப்புகளையும்தான். வால்புரூக் என்பதே மண்மூடிப்போன ஓர் ஓடையின் பெயர்.

மறுமொழி 2:
நான் அடித்தளப் பணியில் இருக்கும் பொறியாளர். பைல், அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண், இறக்குவதற்கு முன் துளையிட்டு எடுக்கும் மண் மாதிரியில், இயற்கை மண்ணுக்கு மேலே சாம்பலும் ஓட்டுச்சில்லும் கலந்த கறுப்பு அடுக்கு வந்தால், அங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு, அனுமதி தருவதற்கு முன்பே இந்த ஆய்வைக் கேட்கும் வழக்கம் உறுதிப்பட்டது. என்னைப் பொறுத்தவரை எந்தக் கருவியையும்விட இதுவே பெரிய முன்னேற்றம், ஏனெனில் பைல் இறங்கிய இடத்தில் பிறகு எதையும் மீட்க முடியாது.

மறுமொழி 3:
பொறியாளர் ஐயா சொல்வது சரியே. ஆனாலும் ஒரு துளை சில அங்குல அகலமே இருப்பதால், இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு கோயிலே தப்பிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த மனையில் கிரைம்ஸ் என்ற ஆய்வாளர் அந்த வால்புரூக் ஓடையின் போக்கை அறியத்தான் பள்ளம் வெட்டினார். கோயில் எதிர்பாராமல் வெளிப்பட்டது. மித்ராஸின் பளிங்குத் தலை 1954 செப்டம்பரில், தோண்டும் பணியின் இறுதி நாளாகக் குறிக்கப்பட்டிருந்த அன்று கிடைத்தது.

ரேடாருக்குத் தடையான அதே ஈரம் மரத்தை மட்கவிடாமல் காத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010க்குப் பின் அதே மனையில் நடந்த அகழாய்வில் மெழுகு பூசி எழுதப் பயன்பட்ட 400க்கும் மேற்பட்ட மரப் பலகைகள் கிடைத்தன. எழுதிய மெழுகு போய்விட்டது. எழுத்தாணி மெழுகைத் தாண்டி மரத்தில் பதித்த கீறல்களைப் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படித்தார்கள். கி.பி. 57 ஜனவரி 8 என்று நாளிட்ட ஒரு பலகையில், அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்ட திபுல்லஸ் என்பவர், வாங்கிய சரக்குக்காக கிராத்தஸ் என்பவருக்கு 105 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்) தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.