ஆயிரம் இசைத்தட்டுகளில் தொடங்கிய பெல் அண்ட் செபாஸ்டியன் வளர்ந்தது எப்படி?

தெருப்பாடகன் (கேள்வி):
வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து, சொந்தப் பாடல்களை மட்டுமே பாடும் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த பெல் அண்ட் செபாஸ்டியன்தான் எங்கள் முன்மாதிரி. 1996இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'டைகர்மில்க்' முதலில் ஆயிரம் இசைத்தட்டுகள் மட்டுமே அச்சானதாம். அப்படியிருந்தும் 1999இல் பிரிட்டன் இசைத்துறையின் பிரிட் விருதுகளில் சிறந்த புதுமுகமாகத் தேர்வாகும் அளவுக்கு அவர்கள் வளர்ந்தது எப்படி? அந்த ஆல்பம் எளிதில் கிடைக்காமல் இருந்ததே பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டதா?

மழைக்காகிதம்:
பாடல்கள் கையிருப்பில் இருந்ததுதான் முதல் காரணம் என்பேன். குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்டூவர்ட் மர்டாக் தீராத சோர்வு நோயால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தவர். பாட்டெழுதத் தொடங்கியதே அந்தக் காலத்தில்தான். பிறகு, வேலையில்லாத இசைக் கலைஞர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றில், குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரான ஸ்டூவர்ட் டேவிட்டைச் சந்தித்தார். அவர்களுடைய மாதிரிப் பதிவுகள் கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியின் இசை வணிக வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தன. அவ்வகுப்பு மாணவர்கள் நடத்திய எலெக்ட்ரிக் ஹனி இசைத்தட்டு நிறுவனம் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு தனிப்பாடலை வெளியிடும். இவர்களிடம் பாடல்கள் நிறைய இருந்ததால் முழு ஆல்பமே போட்டார்கள். சில நாட்களிலேயே பதிவும் முடிந்துவிட்டது. அதன் முதல் பாடலைக் கேட்டுப் பாருங்கள்: மெல்லிய கிட்டாரோடு ஒற்றைக் குரல் தொடங்க, மற்ற கருவிகள் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. அவசரமே தெரியாத அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊசிமுனை:
அரிதாக இருந்தது பேச்சுக்கு உதவியது உண்மைதான். பழைய பிரதிகள் பல நூறு பவுண்டுக்குக் கைமாறின. ஆனால் கையில் கிடைக்காத தட்டை வைத்து ரசிகர் கூட்டத்தை உருவாக்க முடியாது. 1996 நவம்பரிலேயே ஜீப்ஸ்டர் நிறுவனம் 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்' ஆல்பத்தை வெளியிட்டது. 1997இல் மூன்று சிறு தொகுப்புகள், 1998இல் மூன்றாம் ஆல்பம் என்று பாடல்கள் தடையின்றி வந்துகொண்டே இருந்தன. 'டைகர்மில்க்' மறுபடி கடைக்கு வந்தது 1999இல்தான். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஆரம்பத்தில் அவர்கள் பேட்டிகளையும் விளம்பரப் படங்களையும் பெரும்பாலும் தவிர்த்தார்கள். அதற்கு ஈடாக, ஒரே வண்ணச் சாயம் பூசிய ஒளிப்படங்களை ஆல்பங்களின் உறைகளில் தொடர்ந்து பயன்படுத்தியதால், கடையில் தூரத்திலிருந்து பார்த்தாலே அவர்களுடைய தட்டு என்று தெரிந்தது.

மழைக்காகிதம்:
ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வளர்ச்சிக்கு விலையும் இருந்தது. டேவிட் 2000இலும், செல்லோ வாசித்த இசபெல் கேம்ப்பெல் 2002இலும் விலகினார்கள். எஞ்சியவர்கள் ரஃப் டிரேட் நிறுவனத்துக்கு மாறி, பளபளப்பான பாப் ஒலிக்குப் பெயர்பெற்ற டிரெவர் ஹார்னைத் தயாரிப்பாளராக வைத்து 2003இல் அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பழைய ரசிகர்கள் சிலருக்கு அது உறுத்தியது. என்னைப் பொறுத்தவரை குழு பிழைத்தது அந்தத் துணிச்சலால்தான்.

தெருப்பாடகன், உங்களிடம் முழுதாக முடித்த பாடல்கள் எத்தனை இருக்கின்றன?