புதுப்பிப்பு: கடலூரில் 8–10 நாட் (knot, மணிக்குச் சுமார் 15–18 கி.மீ.) காற்றில் கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவது)

சில்வர் பீச்சில் மெல்லிய காற்றுக்கு 17 சதுர மீட்டர் கைட்தான் வேண்டும் என்று முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும் ட்வின் டிப் பலகைக்கு அது சரி. ஹைட்ரோஃபாயிலுக்கு (அடியில் இறக்கை பொருத்திய, தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் பலகை) ஒற்றை ஸ்ட்ரட் (காற்றடைத்த குறுக்குக் குழாய்) உள்ள 12 சதுர மீட்டர் கைட்டே நல்லது. எடை குறைவு, சட்டென்று திரும்பும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 நாட் 8 ஆக இறங்கினால் பாதி இழுவைகூட மிஞ்சாது. கைட்டை ஓயாமல் மேலும் கீழும் ஓட்டித்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

கைட் ஏன் பின்னோக்கிச் சரிகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பாரை (கைட்டை இயக்கும் கைப்பிடிக் கம்பி) வயிற்றோடு இழுத்துப் பிடிப்பதுதான் காரணம். பின் லைன்கள் (கைட்டின் பின்பக்கத்தைப் பிடிக்கும் கயிறுகள்) இறுகினால் துணியை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். கைட் தொங்கி, வால்புறமாக விழும். ஒரு சாண் அளவுக்குப் பாரைத் தள்ளிவிடுங்கள், மூக்கு முன்னே பாயும். அப்படியும் சரிந்தால், கரைக்கு வந்து பின் லைன்களை ஒரு முடிச்சு தள்ளிக் கோத்து நீட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, இது முக்கியம்.

ஃபாயிலின் இறக்கையைப் பலகையோடு இணைக்கும் தண்டுதான் மாஸ்ட். 75 செ.மீ. மாஸ்ட்டுக்கே மார்பளவுத் தண்ணீர் தேவை. அலை உடையும் இடத்தில் பலகையில் ஏறினால் ஃபாயில் மணலில் குத்தும்.

காலையில் வீசும் கச்சானில் (மேற்கிலிருந்து வரும் காற்று) இறங்கவே வேண்டாம், அது கடலுக்குள் தள்ளும். மதியம் கடல்காற்று நிலைத்த பிறகு போங்கள். தண்ணீரில் விழுந்து நனைந்த கைட் 7 நாட் காற்றில் மறுபடி எழும்புவது கடினம். நீந்தித் திரும்பக்கூடிய தூரத்தைத் தாண்டாதீர்கள்.